அறுபத்தொரு கணக்கு, ஒரே வட்டு: தோட்டப் பட்டணக் கணினி மையம் ஒன்றில் சேமிப்பிட வரம்பு வகுத்த நிகழ்வு

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தென்பகுதியில், தெலுக் இந்தானுக்கும் பீடோருக்கும் இடையே செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்தில் இந்நிகழ்வு நடந்தது. சுற்றுவட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயங்கள் பெரும்பாலும் காலியாகி, குடும்பங்கள் பட்டணத்து ஓரத் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு)க் குடிபெயர்ந்துவிட்டன. ஆயினும் உள்தோட்டங்களில் இன்னமும் குடியிருப்போர் உண்டு. அவர்களின் பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு முறையோ இரு வாரங்களுக்கு ஒரு முறையோதான் பட்டணத்துக்கு வருகிறார்கள். இந்த விவரம் பின்னால் முக்கியமாகிறது.

கோயில் மண்டபத்தின் பின்னறையில் ஒரு கணினி மையம் இயங்குகிறது. ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவர் தலைவராகவும், தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் செயலாளராகவும் உள்ள குழு அதை நடத்துகிறது. கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பன்னிரண்டு கணினிகளும் ஒரு சர்வரும் உள்ளன. எவருடைய கோப்பும் கணினியில் தங்குவதில்லை. எல்லாருடைய வீட்டுக் கோப்புறையும் சர்வரிலுள்ள ஒரே வட்டில் இருக்கிறது, வலையமைப்பின் வழியாக ஒவ்வொரு கணினிக்கும் போய்ச் சேருகிறது. ஆகவே ஒருவர் எந்த மேசையில் அமர்ந்தாலும் தம் கோப்புகளையே காண்பார்.

மொத்தம் 61 கணக்குகள். ஒரு டெராபைட் வட்டில் இயங்குதளத்துக்குப் போக, வீட்டுக் கோப்புறைகளுக்கு ஏறத்தாழ 850 ஜிகாபைட் இருந்தது. யாருக்கு எவ்வளவு என்ற வரம்பு எதுவும் வைக்கப்படவில்லை. மையம் தொடங்கிய காலத்தில் பயனர்கள் கடிதமும் கட்டுரையும்தான் தட்டச்சு செய்தார்கள். அன்றைக்கு வரம்பு தேவையாகவும் இல்லை.

காலப்போக்கில் பயன்பாடு மூன்று வகையாகப் பிரிந்தது. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு), எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) மாணவர்களின் பாட வேலை ஒன்று. இளைஞர் குழுவினர் கோயில் திருவிழாவையும் பள்ளிக் கலை நிகழ்ச்சிகளையும் படமெடுத்துத் தொகுப்பது இரண்டாவது. மூன்றாவது ஆவண உதவி: பழைய தோட்டத் தொழிலாளர்களின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, ஊழியர் சேமநிதி அறிக்கை, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) படிவம், தோட்டம் கைமாறியபோது நிர்வாகம் கொடுத்த கடிதங்கள் ஆகியவற்றை வருடிச் சேமித்து, விண்ணப்பம் எழுதித் தருவது. இப்பணியை ஒரு பெண் தொண்டர் தம் சொந்தக் கணக்கிலேயே செய்து வந்தார். திருவிழாக் காணொளிகளும் அப்படியே ஓர் இளைஞரின் சொந்தக் கணக்கில் இருந்தன.

முதல் அறிகுறிகள்

ஒரு சனிக்கிழமை பிற்பகல், மையம் நிரம்பியிருந்த நேரத்தில், ஐந்தாம் படிவ மாணவர் ஒருவர் கடவுச்சொல்லை இட்டதும் திரை ஒரு கணம் கறுத்து, மீண்டும் உள்நுழைவுப் பக்கத்துக்கே திரும்பியது. கடவுச்சொல் தவறு என்ற செய்தி வரவில்லை. அவர் மறுபடியும் இட்டார்; மறுபடியும் அதேதான். அடுத்த மேசையிலும் அதே நிலை. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும் திரை இயங்கியது.

அதே வேளையில் ஒரு மாணவி, "அண்ணே, காலையில எழுதுனது எல்லாம் காணோம், வெறும் பக்கமா இருக்கு" என்று அழைத்தார். உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்க அவர் எழுதிவந்த கட்டுரை அது. கோப்பின் பெயர் இருந்தது. அளவு சுழியமாக இருந்தது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. வரைகலைத் திரைக்குள் நுழையும்போது கணினி பயனரின் வீட்டுக் கோப்புறையில் சில சிறு கோப்புகளை எழுதியாக வேண்டும். அவற்றை எழுத இடமில்லையென்றால் அமர்வு தொடங்கிய கணமே முடிந்துவிடும். பயனரின் கண்ணுக்குத் தெரிவது மீண்டும் வந்து நிற்கும் உள்நுழைவுப் பக்கம் மட்டுமே. சில செயலிகள் சேமிக்கும்போது பழைய கோப்பை முதலில் வெறுமையாக்கிவிட்டுப் பிறகுதான் புதியதை எழுதுகின்றன; வட்டு நிரம்பியிருந்தால் வெறுமையாக்குவது நடந்துவிடும், எழுதுவது நடக்காது. மாணவியின் கட்டுரை அப்படித்தான் போயிற்று. வாராந்தரக் காப்புநகலில் முந்திய திங்கட்கிழமை நிலை இருந்ததால் பாதிக் கட்டுரையை மீட்டுத் தர முடிந்தது. மறுபாதியை அவர் அன்று மாலையே உட்கார்ந்து திரும்ப எழுதினார்.

சர்வரின் நிர்வாகக் கணக்கு மட்டும் தடையின்றி இயங்கியது. வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை, இயல்பாக வட்டில் 5 விழுக்காட்டை நிர்வாகக் கணக்குக்கென்று ஒதுக்கி வைக்கிறது. இங்கு அது சுமார் 42 ஜிகாபைட். மற்றவர்களுக்கு இடம் தீர்ந்த பிறகும் நிர்வாகி உள்ளே நுழைந்து சரிசெய்ய இந்த ஒதுக்கம் உதவியது. அவசரத்தில் அதைக் குறைத்து எல்லாருக்கும் திறந்துவிடலாம் என்று யோசனை வந்தது. நான் உடன்படவில்லை. அந்த இடமும் சில நாளில் நிரம்பியிருக்கும், பிறகு சரிசெய்ய இடமே இருந்திருக்காது.

வட்டில் இருந்தது என்ன

முதலில் இரண்டு அளவீடுகள் எடுக்கப்பட்டன. வட்டு முழுவதும் எவ்வளவு நிரம்பியது என்று கேட்டால் சர்வர் 808 ஜிகாபைட் என்றது. ஒவ்வொரு கோப்புறையாகப் போய்க் கூட்டிப் பார்த்தால் 770 தான் வந்தது. இடையில் 38 ஜிகாபைட் எங்கும் தென்படவில்லை.

இந்த இடைவெளி அனுபவமில்லாதவர்களைப் பெரிதும் குழப்பக்கூடியது என்பதால் சற்று விரிவாகவே குறிக்கிறேன். சர்வரில் இயங்கும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயர்தான் உடனே நீங்குகிறது. ஏதேனும் ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை அது பிடித்த இடம் விடுபடுவதில்லை. இளைஞர் குழுவைச் சேர்ந்தவர், மேசைக் கணினியைவிட வேகமானது என்பதால், ஒரு காணொளியை மாற்றும் வேலையைச் சர்வரிலேயே ஓடவிட்டிருந்தார். வெளிவந்த கோப்பு தரமாக இல்லை என்று அதை அழித்தும் விட்டார். ஆனால் நிரலை நிறுத்தவில்லை. பெயரில்லாத அந்தக் கோப்புக்குள் அது மணிக்கணக்காக எழுதிக்கொண்டே இருந்தது. நிரலை நிறுத்தியதும் 38 ஜிகாபைட் திரும்பக் கிடைத்தது. மையம் அன்று மாலையே இயங்கத் தொடங்கியது.

மீதமிருந்த 770 எப்படிப் பகிரப்பட்டிருந்தது என்பதுதான் உண்மையான கேள்வி. திருவிழாக் காணொளிகள் இருந்த ஒரே கணக்கு 402 ஜிகாபைட்டைப் பிடித்திருந்தது. ஆவண உதவித் தொண்டரின் கணக்கில் 118 இருந்தது. கல்லூரிக்கும் வேலைக்கும் வெளியூர் போய்விட்ட 14 பேரின் கணக்குகளில் 96. எஞ்சிய 45 பேரும் சேர்ந்து பயன்படுத்தியது 154 ஜிகாபைட் மட்டுமே, அதாவது தலைக்கு மூன்றரைக்கும் சற்றுக் குறைவு. அவர்களுள் ஆறு பேர் மட்டும் 8 ஜிகாபைட்டைத் தாண்டியிருந்தார்கள்.

குழுவின் விவாதம்

மறுநாள் குழு கூடியது. தலைவரின் கருத்து தெளிவாக இருந்தது: "எல்லாருக்கும் ஒரே அளவு. தோட்டத்துல அரிசி போட்ட காலத்துலயும் தலைக்கு இவ்வளவுன்னுதான் படி அளந்தோம்." கிராணியாகக் கணக்கு எழுதிய ஒருவரிடமிருந்து இது வருவது இயல்பு, இதில் நியாயமும் இருந்தது. வேறு சிலர், காணொளிகளை உடனே அழித்துவிட்டால் பிரச்சினையே இல்லை என்றார்கள்.

ஆசிரியை மறுத்தார். "ஐயா, வாங்குன அரிசிய அவங்கவங்க வீட்டுல ஆக்கிச் சாப்பிட்டாங்க. இந்தப் படமெல்லாம் அந்தத் தம்பியோட சொத்தா? கோயிலோடது. அக்கா வச்சிருக்கிற பத்திரமெல்லாம் அக்காவோடதா? அவங்களுக்கு எல்லை போட்டா, ஊருக்கு உழைச்சதுக்குத் தண்டனை கொடுத்த மாதிரி ஆயிடும்."

இந்த நிகழ்வின் மையம் இதுதான் என்று கருதுகிறேன். வட்டு நிரம்பியதற்குப் பயனர்களின் பேராசை காரணமல்ல. பொதுப் பொருளுக்கென்று ஓர் இடம் இல்லாததால் அது தனியார் கணக்குகளில் போய்க் குவிந்தது. இரண்டையும் பிரிக்காமல் வரம்பு போட்டிருந்தால் முதலில் அடிபட்டிருப்பவர்கள் மையத்துக்காக அதிகம் உழைத்த இருவர்.

தொழில்நுட்பமும் இதே பக்கம்தான் சுட்டியது. லினக்ஸின் பயனர் வரம்பு, கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை, யாருக்கு உரியது என்றே பார்க்கிறது. ஆவணத் தொண்டர் தம் கோப்புகளை அதே வட்டில் 'பொது' என்ற கோப்புறைக்கு மாற்றினாலும், உரிமையாளர் அவராகவே இருக்கும் வரை முழு அளவும் அவர் தலையில்தான் ஏறும். கோப்புறைவாரியாக வரம்பிடும் திட்ட ஒதுக்கீடு ஈஎக்ஸ்டி4இல் 2016 முதல் உண்டு. ஆனால் அதுவும் பயனர் வரம்போடு சேர்ந்தே இயங்கும், அதை நீக்கிவிடாது. எளிய வழி ஒன்று இருந்தது. வரம்புகள் ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் தனித்தனி. பொதுப் பொருளைத் தனி வட்டுக்குக் கொண்டுபோய்விட்டால், முதல் வட்டின் தனியார் கணக்கில் அது சேராது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இரண்டு டெராபைட் வட்டு ஒன்றைக் குழு வாங்கியது. அதில் தனிப் பயனர் வரம்பு இல்லை, பயனர் குழு ஒவ்வொன்றுக்குமான வரம்பு மட்டும் வைக்கப்பட்டது: விழாக் காணொளிக் குழுவுக்கு 1,200 ஜிகாபைட், ஆவணக் குழுவுக்கு 300. ஆவணக் கோப்புறையைத் திறக்கும் உரிமை அப்பணியைச் செய்யும் இரு தொண்டர்களுக்கு மட்டுமே. சிவப்பு அடையாள அட்டையோடு குடியுரிமைக்காகக் காத்திருக்கும் முதியவர்களின் பத்திரங்கள் அதில் உள்ளன. இடப் பிரச்சினையைத் தீர்க்கப் போய் அவற்றைப் பொதுப் பார்வைக்கு வைத்துவிடக் கூடாது என்பதில் எல்லாரும் உறுதியாக இருந்தார்கள்.

முதல் வட்டில், தலைவர் விரும்பியபடி எல்லாருக்கும் ஒரே அளவு: மென்வரம்பு 8 ஜிகாபைட், வன்வரம்பு 10. வன்வரம்பு சுவர் போன்றது, அதற்கு மேல் ஒரு பைட்டும் எழுத முடியாது. மென்வரம்பைத் தாண்டலாம், ஆனால் அவகாசக் காலத்துக்குள் கீழே இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் அவகாசம் முடிந்த கணத்திலிருந்து மென்வரம்பே வன்வரம்பாகிவிடும். 61 கணக்குகளும் வன்வரம்பைத் தொட்டாலும் 610 ஜிகாபைட்தான், வட்டு நிரம்பாது. பெரிய நிறுவனங்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் நிரப்பமாட்டார்கள் என்று நம்பி, இருப்பதைவிடக் கூடுதலாகப் பகிர்ந்தளிப்பது உண்டு. முழுநேர நிர்வாகி இல்லாத ஓர் இடத்தில் அந்த நம்பிக்கை பொருந்தாது என்று முடிவு செய்தோம்.

அவகாசக் காலத்தில்தான் விவாதம் நீண்டது. லினக்ஸின் இயல்பு அளவு 7 நாள். சனிக்கிழமை மட்டும் வருபவர் இந்தச் சனியன்று எச்சரிக்கையைக் கண்டு, அன்று நேரமில்லாமல் போய், அடுத்த சனியன்று வந்து அமரும்போது அவகாசம் முடிந்திருக்கும். ஆகவே 14 நாள் என்று வைக்கப்பட்டது. இந்த வரம்பு முறையை மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்ஸ் உருவாக்கி, 1983இல் வெளிவந்த 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் இயங்குதளப் பதிப்பில் அது இடம்பெற்றபோது, அவகாசம் நாள் கணக்கில் இருக்கவில்லை. மூன்று உள்நுழைவுகளில் எச்சரித்த பிறகே வரம்பு இறுகியது. உள்தோட்டத்துப் பிள்ளைகளை எண்ணும்போது அந்தப் பழைய முறையே இங்கு பொருத்தமானது என்று எனக்குப் பட்டது. இன்றைய லினக்ஸில் அது இல்லை.

எச்சரிக்கையை எப்படிச் சொல்வது என்பதும் முடிவாக வேண்டியிருந்தது. சர்வர் அனுப்பும் உள் மின்னஞ்சலை இங்கு யாரும் திறப்பதில்லை. அறிவிப்புப் பலகையில் பெயரும் அளவும் ஒட்டலாம் என்ற யோசனையைக் குழு நிராகரித்தது. ஒரு மாணவியின் பெயர் 'அதிகம் பயன்படுத்துவோர்' என்ற தலைப்பின் கீழ் மண்டபத்தில் தொங்குவதை எவரும் விரும்பவில்லை. பதிலாக, உள்நுழைந்ததும் அவரவர் திரையில் மட்டும், எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறார், எந்தத் தேதிக்குள் குறைக்க வேண்டும், கோப்புகள் தானாக அழிக்கப்படமாட்டா என்ற மூன்று செய்திகள் தமிழில் தோன்றும்படி செய்யப்பட்டது. மூன்றாவது செய்தியே மிக அவசியமாக இருந்தது. வரம்பு என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு எழுந்த அச்சம், சர்வர் தம் கோப்புகளை எடுத்துவிடும் என்பதே.

நடைமுறைப்படுத்தியது

பயன்பாட்டுக் கணக்கை வெளிக்கோப்பில் எழுதிவைக்கும் பழைய முறையும், கோப்பு முறைமைக்குள்ளேயே பதியும் புதிய முறையும் உள்ளன. இரண்டாவதைத் தேர்ந்தோம். பிற்பகல் இடிமின்னலும் மின்தடையும் இவ்வட்டாரத்தில் வழக்கம். சர்வர் திடீரென அணைந்தால் பழைய முறையில் கணக்கு பிசகி, மீண்டும் முழு வட்டையும் எண்ண வேண்டி வரலாம். புதிய முறையில் மற்றத் தரவுகளோடு கணக்கும் பாதுகாக்கப்படுகிறது. இதை இயக்க, வட்டை இயங்குதளத்தின் இணைப்பிலிருந்து விடுவித்து மீண்டும் இணைக்க வேண்டும் என்பதால், மையம் மூடியிருக்கும் திங்கட்கிழமை அவ்வேலை நடந்தது.

முதல் இரு வாரங்கள் வரம்பைச் சுழியமாக வைத்திருந்தோம். சுழியம் என்றால் வரம்பில்லை என்று பொருள். சர்வர் எண்ணும், தடுக்காது. இந்த இடைக்காலத்தில் காணொளிகளும் ஆவணங்களும் இரண்டாம் வட்டுக்குப் போயின. போன பிறகு குழுவாரிப் பயன்பாட்டு அறிக்கையை எடுத்தால், இரு பயனர் குழுக்களின் பயன்பாடும் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று காட்டியது. கோப்புகள் வட்டு மாறியபோதும் பழைய பயனர் குழுவின் அடையாளத்தையே சுமந்து வந்திருந்தன. ஒவ்வொரு கோப்பின் குழுவும் மாற்றப்பட்டு, இனிமேல் அக்கோப்புறைக்குள் உருவாகும் எதுவும் தானாகவே அதே குழுவைப் பெறும்படி குறியிடப்பட்ட பிறகுதான் எண்கள் சரியாயின. குழு வரம்பு வைப்பவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

தொடர்ந்து நிகழ்ந்தவை

வரம்பு நடைமுறைக்கு வந்த நாளில் ஆறு பேர் மென்வரம்புக்கு மேல் இருந்தார்கள். நால்வர் முதல் வாரத்திலேயே இறங்கினார்கள். ஒருவர், "அழிச்சுட்டேன், ஆனா எண்ணு குறையவே இல்லை" என்று வந்தார். அவர் அழித்தவை எல்லாம் குப்பைத்தொட்டிக் கோப்புறையில் அப்படியே இருந்தன. குப்பைத்தொட்டியும் வீட்டுக் கோப்புறைக்குள்தான் இருக்கிறது. அதைக் காலி செய்யாதவரை வரம்பில் அதுவும் சேரும்.

ஆறாவது ஆள், உள்தோட்டம் ஒன்றிலிருந்து பேருந்தில் வரும் எஸ்.டி.பி.எம். மாணவி. எச்சரிக்கை தோன்றிய சனிக்கிழமை அவர் வந்திருந்தார். அடுத்த வாரம் வர இயலவில்லை. மூன்றாம் சனிக்கிழமை வந்தபோது அவகாசம் முடிந்திருந்தது. 9.2 ஜிகாபைட்டில் நின்ற அவரால் எதையும் சேமிக்க முடியவில்லை, திரைக்குள் நுழையவும் முடியவில்லை. முன்பு வட்டு நிரம்பியபோது கண்ட அதே கறுத்த திரை, அதே உள்நுழைவுப் பக்கம். வேறுபாடு ஒன்றுதான்: இம்முறை மற்றப் பதினொரு கணினிகளும் தடையின்றி இயங்கின.

அந்த மாணவிக்கு அது ஆறுதலாக இருக்க வழியில்லை. அவர் கணக்குக்கு மட்டும் அவகாசத்தை மேலும் ஏழு நாள் நீட்டினேன். பயனர்வாரியாக இப்படி மாற்ற லினக்ஸ் இடம் தருகிறது. உள்ளே நுழைந்ததும் ஆசிரியை அவர் அருகில் அமர்ந்து கோப்புறைகளைப் பார்த்தார். கைப்பேசியிலிருந்து மொத்தமாக இறக்கிய வாட்ஸ்அப் படங்கள் இருமுறை நகலாகியிருந்தன. உலாவியின் தற்காலிகக் கோப்புகள் ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் இருந்தன. பாடக் குறிப்புகள் அனைத்தும் சேர்ந்து அரை ஜிகாபைட்டைக்கூட எட்டவில்லை. எதை விடுவது, எதை வைப்பது என்று அவரே தேர்ந்தார். 4 ஜிகாபைட்டுக்குக் கீழே வந்தது.

இதன் பின் உள்நுழைவுச் செய்தியோடு ஒரு சிறு நிரல் சேர்க்கப்பட்டது. மென்வரம்பைத் தாண்டியவர் அதன் பிறகு எத்தனை முறை வந்தார் என்று அது எண்ணி வைக்கிறது. மூன்று வருகை ஆவதற்குள் அவகாசம் முடியும் நிலையில் இருந்தால், பராமரிப்பவருக்கு முதல் நாளே தகவல் வரும். அவர் பார்த்து நீட்டுவார். முடிவை நிரலிடம் விடாமல் ஆளிடம் விட்டதற்குக் காரணம் உண்டு: வராமலிருப்பவர் பேருந்து கிடைக்காதவரா, ஊரை விட்டே போனவரா என்பது நிரலுக்குத் தெரியாது.

அதன் பிறகு வட்டு நிரம்பவில்லை. ஆவணத் தொண்டரின் சொந்தக் கணக்கு இன்று 2 ஜிகாபைட்டில் நிற்கிறது. புதிதாக இணைந்த இன்னொரு தொண்டருக்கு அவர் தம் கடவுச்சொல்லைக் கொடுக்காமலே பழைய கோப்புகளைக் காட்ட முடிகிறது. இடப் பிரச்சினையிலிருந்து தொடங்கிய வேலையில் எதிர்பாராமல் கிடைத்த இந்தப் பயனையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

மாற்றவிருப்பவை

வரம்பை இயக்கும் முன்பே எல்லாருடைய குப்பைத்தொட்டியையும் உலாவித் தற்காலிகக் கோப்புகளையும் பற்றி ஒரு வகுப்பு நடத்தியிருக்கலாம். ஆறு பேரில் பெரும்பாலோர் எச்சரிக்கை இன்றியே இறங்கியிருப்பார்கள். புதிதாகக் கணக்குத் திறப்பவர்களுக்கு இவ்வகுப்பு இனிக் கட்டாயம்.

வலையமைப்பு வழியாக எழுதும்போது, வரம்பைத் தாண்டிய பிழை எழுதும் கணத்திலன்றிக் கோப்பை மூடும் கணத்தில் வெளிப்படுவதும் உண்டு. அதைக் கவனியாத செயலி, சேமித்துவிட்டதாகவே காட்டும். ஆகவே 7 ஜிகாபைட்டிலேயே முதல் எச்சரிக்கை காட்டுவதென்று முடிவாகியிருக்கிறது.

ஊரை விட்டுப் போன 14 பேரின் 96 ஜிகாபைட் இன்னும் அப்படியே இருக்கிறது. அவற்றை அழிக்கக் குழு ஒப்பவில்லை. ஒவ்வொருவரையும் வீட்டார் வழியாகத் தொடர்புகொண்டு, கோப்புகளை விரலியில் (பென் டிரைவில்) பதிந்து கொடுத்து, அவர் கையொப்பமிட்ட பிறகே கணக்கை மூடுவது என்று ஏற்பாடு. தீபாவளி விடுமுறைக்கு ஊர் திரும்புபவர்களிடமிருந்து அது தொடங்கும்.

இரண்டாம் வட்டுக்கு இன்னும் முழுமையான காப்புநகல் இல்லை. ஆவணக் கோப்புறை மட்டும் வாரந்தோறும் வெளிவட்டில் பதியப்பட்டு, பூட்டிய நிலையில் ஆசிரியையின் பொறுப்பில் பள்ளியில் வைக்கப்படுகிறது. காணொளிகளுக்கும் அதே ஏற்பாட்டைச் செய்ய இன்னொரு வட்டு வேண்டும். அதற்கான தொகை அடுத்த ஆண்டுக் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது.